லோகோவுக்கு நிறம் எடுக்கும்போது

முதலில் கறுப்பு வெள்ளையில் வரையுங்கள். அதில் எடுபடாத வடிவத்தை எந்த நிறமும் காப்பாற்றாது.

அப்புறம் போட்டியாளர்களின் லோகோக்களை ஒரே பக்கத்தில் ஒட்டி, யாரும் தொடாத நிறம் எது என்று பாருங்கள். கோக் சிவப்பாக இருக்க, பெப்சி 1996-இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் டின்களையே நீலமாக்கியது இதே கணக்கில்தான்.

'சிவப்பு பசியைத் தூண்டும்' மாதிரி அட்டவணைகளை ரொம்ப நம்பாதீர்கள். 2009-இல் ஜெர்மனியில் மெக்டொனால்ட்ஸ், சுற்றுச்சூழல் அக்கறையைக் காட்ட, சிவப்புப் பின்னணியைக் கரும்பச்சையாக மாற்றத் தொடங்கியது; அதற்காக யாரும் பர்கரை விட்டுவிடவில்லை.

சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபாடு காட்டாதீர்கள், சிலருக்கு அது பிரிந்தே தெரியாது (மார்க் சக்கர்பர்குக்கும் அப்படித்தான், ஃபேஸ்புக் நீலமானதும் அதனால்தான்).

கடைசியாக அச்சு. திரையில் ஒளிரும் பச்சை, அச்சின் சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மையில் மங்கிப்போகும், சரி, பரவாயில்லை என்று விட்டால் விசிட்டிங் கார்டு ஒரு நிறம், பெயர்ப்பலகை இன்னொரு நிறம் என்றாகிவிடும். மாதிரி அச்சு எடுத்துப் பார்த்து, பான்டோன் எண்ணையும் (எங்கே அச்சிட்டாலும் அதே நிறம் வர உதவும் நிறக் குறியீடு) குறித்து வையுங்கள். டிஃபனி நகை நிறுவனத்தின் நீலத்துக்கு அவர்கள் தொடங்கிய ஆண்டான 1837-தான் எண்.