படுத்த படுக்கையில் இருப்பவரின் கணக்கிலிருந்து பணம் எடுப்பது எப்படி?

பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டது, கையெழுத்து வரவில்லை. மருந்துக்கும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் பணம் வேண்டும். பணமோ அவர் கணக்கில்தான் இருக்கிறது. கிளைக்குப் போய்க் கேட்டால், "அவரையே நேரில் கூட்டி வாங்க" என்று பதில் வருகிறது. இந்த இக்கட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். கும்பகோணம் பக்கத்துக் கிளைகளில் கவுண்டரில் இருந்து, பிறகு அதிகாரியாகி, ஓய்வு பெற்றவள் நான். ரேகை வாங்க ஸ்டாம்ப் பேடோடு பல வீட்டுப் படியேறியிருக்கிறேன்.

அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வர வேண்டியதில்லை. முதியவர், நோயாளி, உடல் இயலாதவர் கணக்கை எப்படி நடத்துவது என்று ரிசர்வ் வங்கி தெளிவான நடைமுறை வைத்திருக்கிறது. அது எல்லா வங்கிக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: அவருக்கு நினைவும் புரிதலும் இருக்கிறதா? இருந்தால் வழி சுலபம், கிளையிலேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் சட்டத்தின் வழியாகப் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

நினைவு தெளிவாக இருக்கிறது, கையெழுத்து மட்டும் வரவில்லை என்றால், பணம் எடுக்கும் சீட்டிலோ காசோலையிலோ பெருவிரல் ரேகை வைக்கலாம். கை ரேகை முடியாவிட்டால் கால் விரல் ரேகையும் செல்லும். வங்கிக்குத் தெரிந்த, சுயேச்சையான இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். எந்த ரேகையும் வைக்க முடியாதவர் சீட்டில் ஒரு குறி இட்டால் போதும், அதற்கும் இதே இரண்டு சாட்சிகள்தான். இரண்டு கையும் இல்லாதவருக்காக வேறொருவர் குறி இடலாம், ஆனால் அந்தப் பேனாவோ கருவியோ கணக்குதாரரின் உடலைத் தொட்டிருக்க வேண்டும். குறி இட்டுப் பணம் எடுக்கும்போது, யார் வந்து வாங்கிக்கொள்வார் என்பதையும் கணக்குதாரரே காட்ட வேண்டும். அந்த நபரையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டுவார்கள், அவர் கையெழுத்து மாதிரியையும் கிளை வாங்கி வைத்துக்கொள்ளும்.

வெளிச் சாட்சிக்கு வீட்டு ஆளைத் தேடாதீர்கள். அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் அடுத்த வீட்டு ஆசிரியரோ கடைக்காரரோ கிடைத்தால் நல்லது.

கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், நாலு வரி போதும்: "என் தந்தை இன்ன எண் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறார். பக்கவாதத்தால் கையெழுத்திட முடியவில்லை, கிளைக்கு வரவும் இயலாது. நினைவு தெளிவாக உள்ளது. நோயாளிகளின் கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி வகுத்த முறைப்படி, அதிகாரி ஒருவரை வீட்டுக்கு அனுப்பி ரேகை பெற்றுக்கொள்ளக் கோருகிறேன்." மருத்துவர் சான்றிதழ், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கிளையில் முத்திரை விழுந்த கடிதம் ஒருநாளும் மேசை இடுக்கில் காணாமல் போனதில்லை.

அதிகாரி வீட்டுக்கு வரும் நாளில் அவரைப் படுக்கையிலிருப்பவரிடமே பேச விடுங்கள். எவ்வளவு வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்பார். பேச்சு வராவிட்டால் தலையசைப்பு போதும். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் 50,000 ரூபாய்க்குச் சீட்டு தயாராக இருந்தது. மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம் தொகையைக் கேட்டேன். ஐந்து விரல் காட்டினார். ஐம்பதா என்றேன், இல்லை என்று தலையாட்டினார். ஐயாயிரமா என்றேன், ஆமாம் என்றார். 5,000 ரூபாய்க்கு வேறு சீட்டு எழுதித்தான் ரேகை வாங்கினேன். படுத்திருந்தாலும் அது அவர் பணம். இந்த நடைமுறை அவரைக் காப்பதற்கும்தான்.

"இவ்வளவு எதற்கு, ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே" என்று தோன்றும். அவசரத்துக்குக் கை அங்கேதான் போகும், புரிகிறது. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்ந்ததால் பணம் பறிபோனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு முழுவதும் கணக்குதாரர் தலையில்தான். பின்னால் அண்ணன் தம்பிக்குள் கணக்கு கேட்கும் நாள் வந்தால், அப்பா சம்மதத்தோடு எடுத்தேன் என்று காட்ட உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

வீடு தேடி வரும் வங்கிச் சேவையையும் கேளுங்கள். 70 வயதைக் கடந்தவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் இதைத் தர வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொன்னது. பணம் கொண்டு வந்து கொடுப்பது, கேஒய்சி ஆவணங்களையும் ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றையும் வீட்டிலேயே பெறுவது எல்லாம் இதில் அடக்கம். கட்டணமும் தொகை வரம்பும் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, நினைவே இல்லை அல்லது புரிதல் போய்விட்டது என்றால்? அப்போது ரேகை வாங்கவே கூடாது. எத்தனை நல்ல எண்ணத்தோடு விரலைப் பிடித்து வைத்தாலும் அது அவர் சம்மதம் ஆகாது. முன்பே எழுதி வைத்த பவர் பத்திரமும் உதவாது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் முகவர் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. கோமாவில் இருப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருக்கும். ஆகவே மறதி நோய் தொடங்கும்போதே, பெற்றோர் விருப்பத்தைக் கேட்டு, நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்து 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' வகைக் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். நாமினி போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். கணக்குதாரர் உயிரோடு இருக்கும்வரை நாமினியால் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகள் 18 வயதைத் தாண்டினால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றிதழ் தருகிறது. ஆட்சியரும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்தால் விண்ணப்பிக்கும் வழி தெரியும். அந்தச் சான்றிதழை வைத்துக் கணக்கு தொடங்கவும் நடத்தவும் வங்கி அனுமதிக்க வேண்டும்.

பார்வையற்றவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பாதுகாவலர் யாரும் தேவையில்லை. காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, லாக்கர், கடன் எதையும் பார்வை இல்லை என்ற காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்பது 2008இலிருந்தே ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கூட ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்குதான் தொடங்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், அதை எழுத்தில் கேளுங்கள்.

முதியோர் உதவித்தொகை வரும் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பணம் பிடிக்கப்படுகிறதா? அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேளுங்கள். அதில் இருப்பு பூஜ்ஜியமாக இருக்கலாம், மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம்.

எல்லாம் செய்தும் கிளை மறுத்தால், வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். புகாரோடு முத்திரை வாங்கிய அந்தக் கடிதப் பிரதியையும் மருத்துவச் சான்றையும் இணைத்து அனுப்புங்கள்.