வெள்ளை லோகோ ரோஸ் ஆனபோது

திருப்பூரில் டி-சர்ட் பிரிண்டிங் செய்கிறேன். ஒரு சைக்கிள் குழுவுக்கு மெரூன் பாலியெஸ்டரில் வெள்ளை லோகோ அடித்தோம். சாம்பிள் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் குழுவின் தலைவரிடமிருந்து போன்: "அண்ணா, லோகோ ரோஸ் கலராயிடுச்சு!"

மை நன்றாகத்தான் காய்ந்திருந்தது. துணியின் சாயம்தான் அதில் ஏறியிருந்தது. 160 டிகிரியில் க்யூரிங் செய்தால், அதாவது மையைச் சூடாக்கி இறுக வைத்தால், பாலியெஸ்டர் சாயம் கிளம்பி மைக்குள் புகுந்துவிடும். மெரூன், சிவப்பு இரண்டும் ரொம்ப மோசம்.

அவரையே பட்டறைக்கு வரச் சொன்னேன். அடியில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் பிளாக்கர் மை ஒரு கோட், மேலே குறைந்த சூட்டில் இறுகும் லோ-க்யூர் வெள்ளை, சூடு 130 டிகிரி. லோகோவில் இருந்த சக்கரத்தின் மெல்லிய கம்பிகளின் ஓரத்தில் சாம்பல் எட்டிப்பார்த்தது. "சக்கரக் கம்பிகளைக் கொஞ்சம் தடிமனாக்கலாமா?" என்றேன். சரி என்று அவரே பக்கத்தில் உட்கார்ந்து கோடு கோடாகத் திருத்தினார். புது சாம்பிளை ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் 60 பீஸையும் ஓட்டினோம்.