பெண் நாயின் கருப்பையில் சீழ்: ஹீட் முடிந்தபின் வீட்டிலேயே கண்காணிக்கும் முறை

என் வீட்டுச் செல்லி ஏழு வயதான நாட்டு நாய். கடந்த ஆண்டு கத்திரி வெயில் நாட்களில் அவளுக்குக் கருப்பையில் சீழ் கட்டியது. நான் அதை உணர்ந்து மருத்துவரிடம் தூக்கிச் செல்வதற்குள் நான்கு நாட்கள் கடந்துவிட்டன. அவள் பிழைத்துக்கொண்டாள். கருத்தடை செய்யாத பெண் நாயை வளர்க்கும் வேறு யாரும் அந்த நான்கு நாட்களை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருத்துவர்கள் இந்நோயைப் பயோமெட்ரா என்பார்கள். ஹீட், அதாவது பெண் நாய் இணைசேரத் தயாராகும் பருவம் முடிந்தபின், கருத்தரித்தாலும் தரிக்காவிட்டாலும், நாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் உயர்ந்தே இருக்கும். அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்வதோடு, கருப்பை சுருங்கி உள்ளிருப்பதை வெளியேற்றுவதையும் தடுக்கிறது. ஹீட்டின்போது திறந்திருந்த கருப்பை வாய் வழியாக ஏறிய கிருமி, பெரும்பாலும் ஈ.கோலை, அங்கே பெருகுகிறது. ஒவ்வொரு ஹீட்டுக்குப் பின்னும் இதே சூழல் உருவாவதால், வயது கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. ஸ்வீடனில் காப்பீடு செய்யப்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, கருத்தடை செய்யாதவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்நோய் வந்திருந்தது.

முதல் படி: தேதியைக் குறித்தல்

ஹீட்டின் இரத்தக் கசிவு தெரிந்த முதல் நாளைத் தினசரிக் காலண்டரில் வட்டமிடுங்கள். கைபேசிச் செயலிகளைவிட, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் சுவர்க் காலண்டரையே நான் பரிந்துரைப்பேன். அந்த நாளிலிருந்து மூன்றாவது வாரம் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரம் முடியும்வரை உங்கள் கண்காணிப்புக் காலம். சில நாய்கள் தம்மை நக்கிச் சுத்தப்படுத்திக்கொள்வதால் கசிவு தெரியாமலே போகும். ஆகவே ஹீட் வரக்கூடிய மாதத்தில் படுக்கையின் மேல் பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்து, காலையில் பார்த்துவிடுங்கள்.

மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தது?" என்பதுதான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பங்குனி உத்திரத்தன்று, ஹீட்டில் இருந்த அவளைக் கட்டிப்போட்டிருந்ததை நினைவுகூர்ந்து, ஆறு வாரம் இருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னேன். அதைக் கேட்டவுடன் அவர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

இரண்டாம் படி: தண்ணீரை அளத்தல்

நான் தவறவிட்டது இந்தப் படியைத்தான். கிருமியின் நச்சு, சிறுநீரைச் செறிவாக்கும் சிறுநீரகத்தின் ஆற்றலைக் குறைத்துவிடுவதால், நாய் மிகுதியாகச் சிறுநீர் கழித்து, அதை ஈடுகட்ட மிகுதியாகத் தண்ணீர் குடிக்கிறது. செல்லியின் கிண்ணம் மதியத்துக்குள் இரண்டு முறை காலியானபோது, வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று எண்ணி மூன்றாவது முறையும் நிரப்பி வைத்தேன். இரவில் கதவைப் பிறாண்டி வெளியே போகக் கேட்டதையும் அதனுடன் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதலில் எடை வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். காலையில் அளவுக் குவளையால் ஒரு லிட்டர் ஊற்றி, 24 மணி நேரத்தில் மேலும் ஊற்றியதைக் கூட்டி, மீந்ததைக் கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி இயல்பு. 100 மில்லியைத் தாண்டினால் அது நோயின் அறிகுறி. செல்லியின் எடை 18 கிலோ என்பதால் அவளுக்கு எல்லை 1,800 மில்லி. நாய் நலமாக இருக்கும்போதே, கோடையில் ஒரு நாளும் குளிர்காலத்தில் ஒரு நாளும் அளந்து எழுதி வைத்துக்கொண்டால், வெயிலின் தாகத்தையும் நோயின் தாகத்தையும் பிரித்தறிய முடியும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாசி படிகிறது. எவர்சில்வர் கிண்ணமே நல்லது.

மூன்றாம் படி: மற்ற அறிகுறிகள்

சீழ் அல்லது இரத்தம் கலந்த கசிவு, சோர்வு, உணவில் விருப்பமின்மை, வாந்தி, வயிறு உப்புதல் ஆகியவற்றைப் பாருங்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் கசிவே இருக்காது. செல்லிக்கு அப்படித்தான் இருந்தது, இதுவே அதிக ஆபத்தான வகை. காய்ச்சல் பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஆசனவாயில் வைத்தால் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. எனினும் காய்ச்சல் இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம், கருப்பை கிழியக்கூடும். மனிதருக்கான வலி மாத்திரைகளையும் தராதீர்கள்.

நான்காம் படி: அன்றே மருத்துவரிடம்

இரண்டு அறிகுறிகள் சேர்ந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் புறப்படுங்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எடுத்து, டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து உடலை நிலைப்படுத்தியபின், கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றுவதே முதன்மையான சிகிச்சை. ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. கருப்பையைக் காக்கும் ஊசி மருத்துவம் உண்டு; ஆனால் அது கருப்பை வாய் திறந்த நிலையில் உள்ள, இனப்பெருக்கத்துக்கு வேண்டிய இளம் நாய்களுக்கே பொருந்தும், நோய் திரும்பவும் வரலாம்.

தடுக்கும் வழி

நலமாக இருக்கும்போதே கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுவதுதான். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் செய்வது வசதி. லாப்ரடார் போன்ற பெரிய இனங்களுக்குச் சற்றுத் தாமதித்துச் செய்யச் சொல்வார்கள் என்பதால், வயதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஹீட்டை நிறுத்த ஹார்மோன் ஊசி போடுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். அந்த ஊசியே இந்நோய்க்கு வழிவிடுகிறது. ஒருமுறை குட்டி போட்டால் நோய் வராது என்பதும் நம்பத்தக்கதன்று.

பின்னர் சேர்த்தவை

இரண்டு நாய்கள் ஒரே கிண்ணத்தில் குடித்தால் எப்படி அளப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு நாள் மட்டும் தனித்தனி அறையில் வைத்து அளக்கலாம். இயலாவிட்டால் மொத்த அளவைக் குறித்து வந்தாலும் திடீர் உயர்வு தெரிந்துவிடும்.

அறுவைக்குப் பின்னும் தம் நாய்க்கு ஹீட் வருவதாக இன்னொருவர் எழுதினார். சினைப்பைத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். எஞ்சிய கருப்பை முனையில் அதனால் சீழ் கட்டக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பூனைகளுக்கும் இந்நோய் வரும், நாய்களைவிடக் குறைவாக. பூனை தாகத்தை அவ்வளவாக வெளிக்காட்டாது. ஆகவே வயிறு பெருத்திருக்கிறதா, உணவைத் தவிர்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லக்கூடும்.