மர்ஃப் பயிற்சி: மெமோரியல் டே அன்று தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் மெமோரியல் டே. போரில் உயிர்நீத்த ராணுவத்தினருக்கான நாள். அன்று காலை ஜிம் வாசல்களிலும் பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் கூட்டமாகச் சேர்ந்து ‘மர்ஃப்’ செய்கிறார்கள்: ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப் (பார் எனும் கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), 200 புஷ்-அப், 300 ஸ்குவாட் (குந்தி எழுவது), மறுபடி ஒரு மைல் ஓட்டம். எடை வைத்த மேலங்கியான வெஸ்ட்டும் உண்டு. ஆண்களுக்கு 20 பவுண்டு (சுமார் 9 கிலோ), பெண்களுக்கு 14 பவுண்டு.

அமெரிக்கக் கடற்படையின் சிறப்பு அதிரடிப் படையான சீல் பிரிவின் லெஃப்டினன்ட் மைக்கேல் மர்ஃபி விரும்பிச் செய்துவந்த பயிற்சி இது. அவர் இதை ‘பாடி ஆர்மர்’ (உடற்கவசம்) என்று அழைத்தார். 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மாகாண மலைச்சரிவில் அவருடைய நால்வர் குழு சூழப்பட்டபோது, சிக்னல் கிடைப்பதற்காக மறைவிடத்தை விட்டு வெட்டவெளிக்கு வந்து போனில் உதவி கேட்டார். குண்டு பாய்ந்த பிறகும் பேசி முடித்தார். அவருக்கு அப்போது வயது 29. குழுவில் மர்ஃபி உட்பட மூவரும், மீட்கப் போன ஹெலிகாப்டரில் இருந்த 16 பேரும் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி நிறுவனம் இந்தப் பயிற்சியை அவர் பெயரில் வெளியிட்டது.

அந்தத் தியாகத்தை நினைத்து வருபவர்கள்தான் பெரும்பாலும் இங்கே தவறு செய்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் மரியாதைக் குறைவு என்று எண்ணி, உடம்பு பழகாத அளவைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

பழக்கமில்லாமல் 100 புல்-அப்

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான். புல்-அப்பில் மேலே ஏறுவதை விட, உடம்பைக் கீழே இறக்கும்போதுதான் தசை இழைகள் அதிகம் கிழிகின்றன. அளவு மீறினால் தசை சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பது இதுதான். புல்-அப் வராதவர்களுக்குப் பெட்டி மேல் நின்று குதித்து ஏறும் ‘ஜம்பிங் புல்-அப்’பைப் பரிந்துரைக்கும் பழக்கம் உண்டு. ஏறுவது சுலபம் என்பதால் எண்ணிக்கை மளமளவென்று கூடும். மெதுவாக இறங்குவதோ அத்தனை முறையும் தசையைப் பதம் பார்க்கும். அவர்களுக்கு ரிங் ரோ போதும். வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து நின்று மார்பை இழுப்பது. சாய்வைக் குறைத்தால் சுமையும் குறையும்.

தயாரிப்புக்கு 6 முதல் 8 வாரம் வேண்டும். ஒரு சுற்று என்பது 5 புல்-அப், 10 புஷ்-அப், 15 ஸ்குவாட். முதல் வாரம் 5 சுற்றில் தொடங்கி, வாரம் ஒன்றிரண்டாகக் கூட்டுங்கள். மெமோரியல் டேக்கு இரண்டு வாரம் முன்பு 12 சுற்றைச் சிரமமில்லாமல் முடிக்க முடியவில்லை என்றால் பாதி மர்ஃப் செய்யுங்கள்: 800 மீட்டர் ஓட்டம், 10 சுற்று, 800 மீட்டர் ஓட்டம்.

பிரிக்காமல் செய்வது

100 புல்-அப்பையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் புஷ்-அப்புக்குப் போவேன் என்பவர்கள் 80ஆவது புஷ்-அப் வாக்கில் தரையில் கிடப்பார்கள். மர்ஃபில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் புஷ்-அப்தான். மேலே சொன்ன சுற்றை 20 முறை செய்தாலே முழுக் கணக்கும் வந்துவிடும். 10 புஷ்-அப் கனத்தால், 5 புஷ்-அப், 5 புல்-அப், 5 புஷ்-அப், 15 ஸ்குவாட் என்று மாற்றிக்கொள்ளலாம்; நடுவில் வரும் புல்-அப், தோளுக்கும் மார்புக்கும் ஓய்வு தரும். சுற்றுக்கு 2 நிமிடம், ஒவ்வொரு மைலுக்கும் 10 நிமிடம் என்று வைத்தால் சரியாக ஒரு மணி நேரம். முதல் மைலை உங்கள் சிறந்த நேரத்தை விட ஒரு நிமிடம் மெதுவாகவே ஓடுங்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் 40 விநாடி பின்னால் பல நிமிடங்களைத் தின்றுவிடும்.

வெயிலும் வெஸ்ட்டும்

வெஸ்ட் எடை மட்டுமல்ல. மார்பையும் முதுகையும் மூடி வியர்வை ஆவியாவதைத் தடுக்கிறது. 2015 கிராஸ்ஃபிட் கேம்ஸ் போட்டியில், கலிஃபோர்னியாவின் கார்சனில், உலகின் தேர்ந்த வீரர்களே வெயிலில் மர்ஃப் செய்து நிலைகுலைந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் வாரம் மூன்று நாள் ஜிம்முக்கு வருபவரின் நிலையைச் சொல்ல வேண்டாம். காலை 7 மணிக்குள் தொடங்குங்கள். வெஸ்ட் இல்லாமல் முழு மர்ஃபை ஒருமுறையாவது முடித்திராதவர் வெஸ்ட் போடக் கூடாது. போடுபவர்கள் பட்டையை இறுக்குங்கள். தளர்ந்தால் ஓட்டத்தில் காறை எலும்பில் இடித்துக்கொண்டே இருக்கும்.

யாராவது தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ, வெஸ்ட்டைக் கழற்றி உடனே குளிர்ந்த நீரில் கழுத்தளவு அமிழ்த்துங்கள். தலையைத் தாங்கிப் பிடித்தபடி ஒருவர் கூடவே இருக்கட்டும். இன்னொருவர் அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விக்காமல் காத்திருப்பதே உயிரைப் பறிக்கும் தவறு. ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் தயாராக இருக்க வேண்டும்.

ஏற்பாட்டில் வரும் குளறுபடி

10 பார், 30 பேர் என்றால் பாருக்கு மூவர். சுற்றாகச் செய்தால் ஒருவர் தொங்கும்போது மற்ற இருவர் தரையில் இருப்பார்கள், நெரிசல் வராது. யாராவது பிரிக்காமல் செய்வதாக இருந்தால் அவருக்குத் தனிப் பார் கொடுங்கள். ஆடியாடிச் செய்யும் கிப்பிங் புல்-அப்பில் நகர்த்தக்கூடிய ஸ்டாண்ட் கவிழும்; அடியில் எடைத் தட்டுகளை அடுக்காமல் யாரையும் ஏற்றாதீர்கள். எண்ணிக்கை கட்டாயம் மறக்கும். தரையில் சாக்பீஸால் 20 கோடு போட்டு, சுற்றுக்கு ஒன்றாக அழித்துக்கொண்டே வாருங்கள்.

அஞ்சலியைக் கடைசிக்குத் தள்ளுவது பரவலான தவறு. ஒருவர் முடித்து அரை மணி கழித்துத்தான் இன்னொருவர் வருவார். யாரும் ஒன்றாக நிற்க மாட்டார்கள். ஓட்டத்துக்கு முன்பே பாட்டை நிறுத்தி, மர்ஃபி யார் என்று இரண்டு நிமிடம் சொல்லி, மௌனம் காத்துவிட்டுத் தொடங்குங்கள். உயிரோடிருக்கும் படைவீரர்களுக்கு நன்றி சொல்ல நவம்பர் 11 இருக்கிறது. இந்த நாளில் ‘ஹேப்பி’ சேர்த்து வாழ்த்தாதீர்கள். மகனை இழந்த தாய் அந்தக் கூட்டத்திலேயே நிற்கக்கூடும். கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும். நண்பகலில் மறுபடி உச்சிக்கு ஏற்ற வேண்டும்.

முடித்த பிறகு

வலிக்கிறதே என்று ஐபுப்ரோஃபென் போடாதீர்கள். ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. அடுத்த மூன்று நாள் கையைக் கவனியுங்கள். முழங்கை நீட்ட முடியாமல் வீங்கினாலோ சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், என்ன பயிற்சி, எத்தனை செய்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தசைச் சிதைவைக் காட்டும் சிகே (கிரியேட்டின் கைனேஸ்) ரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் உடனே டிரிப்ஸ் ஏற்றுவார்கள்.