ஃபோமட் அடிக்கமுன் கொஞ்சம் பொறுங்கள்: தானாக ரீஸ்டார்ட் ஆகும் லப்டொப்பும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) கோர்ஸ் முடித்து மாங்குளம், முள்ளியவளைப் பக்கம் சின்னதாகக் கடை போட்டிருக்கும் பெடியன்கள் அடிக்கடி போன் எடுப்பார்கள். "அண்ணை, லப்டொப் தன்ர பாட்டில ரீஸ்டார்ட் ஆகுது. விண்டோஸ் அடிக்கட்டே?" தொழில் பழகிய காலத்தில் நாங்கள் எல்லோரும் கேட்ட கேள்விதான். பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா, வைரஸ் இருக்கிறதா என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அணைவதையும் எழும்புவதையும் ஒன்றாக நினைப்பது

கொண்டுவருபவர் இரண்டையும் "ரீஸ்டார்ட்" என்றுதான் சொல்வார். நீங்கள்தான் கிண்டிக் கேட்க வேண்டும். சட்டென்று அணைந்து, பவர் பட்டனை அழுத்தும்வரை அப்படியே கிடந்தால் முதலில் மின்சாரத்தையும் சூட்டையும் பாருங்கள். தானே லோகோ காட்டி எழும்பினால், பெரும்பாலும் உள்ளே நீலத்திரை (விண்டோஸ் விழும்போது வரும் பிழைத்திரை; புதிய விண்டோஸ் 11இல் கறுப்பு) விழுந்திருக்கும். விண்டோஸ் அதைக் கண்ணில் காட்டாமல் ரீஸ்டார்ட் செய்திருக்கும். சிஸ்டம் புரொப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அன்ட் ரிக்கவரி' பகுதிக்குப் போய் தானியங்கி ரீஸ்டார்ட்டுக்கான சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நின்று பேசும்.

41ஐக் கண்டதும் சார்ஜரைக் குற்றம் சொல்வது

விண்டோஸ் நடந்தவற்றைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கேர்னல்-பவர் 41' இருக்கும். 'பவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் சார்ஜரையும் பற்றரியையும் மாற்றச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழும்பியது என்பதற்கு மேல் 41 எதையும் சொல்லவில்லை. அதைத் திறந்து உள்ளே 'பக்செக் கோட்' (நீலத்திரைப் பிழையின் எண்) என்ன என்று பாருங்கள். பூச்சியம் என்றால் நீலத்திரை பதிவாக முன்பே மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது மெஷின் முழுதாக உறைந்திருக்கலாம். 292 என்றால் வன்பொருள் தானே பிழையை அறிவித்திருக்கிறது. அதே எண்ணைப் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) எழுதினால் 124. 26 என்றால் நினைவகப் பிழை, என் சந்தேகம் முதலில் ரேம் மேல்தான் போகும்.

ஃபோமட் அடிப்பது

இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அறிவியல்நகர் பொறியியல் பீட மாணவி ஒருவர் தம்பியோடு கடைக்கு வந்தார். இறுதியாண்டு புரொஜெக்ட் முழுவதும் அந்த லப்டொப்பில். அதற்கு முன் வேறொரு கடையில் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ஃபைல்களை வெளி ஹாட் டிஸ்க்குக்கு மாற்றி, ஃபோமட் அடித்து, விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் அதே ரீஸ்டார்ட். திரும்பக் கொண்டுபோக, எஸ்எஸ்டி (ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்) பழுதென்று சொல்லிப் புதிது போட்டிருக்கிறார்கள். அதற்கும் அடங்கவில்லை.

கழற்றிப் பார்த்தேன். போர்டோடு ஒட்டிய 4 ஜிபி ரேமுக்குப் பக்கத்தில், பிறகு வாங்கிப் போட்ட 8 ஜிபி ஒன்று. அதை எடுத்துவிட்டு ஓடவிட்டால் ஒரு சத்தமில்லை. திரும்பப் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன். திரையில் சிவப்பு வரிகள் வந்துகொண்டே இருந்தன. பழுது அவ்வளவுதான். கழற்றி மாட்ட ஒரு ஸ்குரூட்றைவர் போதும்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை. "பக்கப் எடுத்துத்தானே அண்ணா அடிச்சவங்கள்" என்று அந்த ஹாட் டிஸ்க்கை நீட்டினார். வரைபட ஃபைல்கள் பாதி திறக்கவில்லை. அறிக்கையின் வேர்ட் ஃபைல் பழுதடைந்ததாகச் சொன்னது. படங்கள் சிலவற்றில் மேல்பாதி தெளிவாக இருக்க, கீழே சாம்பல் பட்டை. காரணம் இதுதான்: ஒரு ஃபைலைக் கொப்பி செய்யும்போது அது ரேம் வழியாகத்தான் போகிறது. பழுதான ரேமில் ஒரு பிற் (தரவின் ஒரு 0 அல்லது 1) புரண்டாலும் அந்தப் பிழையோடேயே மறுபக்கம் எழுதப்படும். லப்டொப்களில் வரும் சாதாரண ரேமுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. விண்டோஸும் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் "முடிந்தது" என்று சொல்லும். வேர்ட் ஃபைல் உண்மையில் ஒரு ஸிப் (zip) பொதி. கொஞ்சம் சிதைந்தாலே திறக்க மறுக்கலாம். மூலப் பிரதியோ ஃபோமட்டோடு போய்விட்டது. ஆளும் அழவில்லை, ஏசவில்லை. மின்னஞ்சலில் மேற்பார்வையாளருக்கு அனுப்பிய பழைய பிரதியிலிருந்து திரும்பத் தொடங்கினார்.

ஆகவே, ரீஸ்டார்ட் ஆகும் மெஷினை வைத்தே பக்கப் எடுக்காதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி யூஎஸ்பி கேசிங்கில் போட்டு, நல்ல கணினி ஒன்றில் கொப்பி செய்யுங்கள். கழற்றமுன் இன்னொன்று: விண்டோஸ் 11 உள்ள பல லப்டொப்களில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். வேறு கணினியில் செருகினால், அந்தப் பூட்டான பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் பாஸ்வேர்ட் ஞாபகமா என்று முதலே கேட்டு வையுங்கள்.

விண்டோஸ் மேல்தான் சந்தேகமா? சரி, அதற்கும் அழிக்கத் தேவையில்லை. பென்டிரைவில் உபுண்டு (விண்டோஸ் அல்லாத வேறொரு இயங்குதளம்) போட்டு அதிலிருந்து எழுப்பி, ஒரு வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் விண்டோஸ் குற்றவாளி இல்லை. விழாவிட்டால் மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்; சில ரேம்கள் சூடேறிய பிறகுதான் குணத்தைக் காட்டும். ரேம் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். ஸ்லொட்டையும் மாற்றிப் பாருங்கள். பழுது சில நேரம் ஸ்லொட்டில் இருக்கும்.

வெளியிலிருந்து ஊதிவிட்டு "கிளீன் பண்ணியாச்சு" என்பது

கச்சான் காற்று வீசும் மாதங்களில் உள்வீதிகளின் செம்மண் புழுதி எந்த வீட்டையும் விடாது. அது விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோலப் படிந்திருக்கும். வெளியே இருந்து ஊதினால் இன்னும் இறுகும். விசிறியைக் கழற்றி எடுங்கள், தெர்மல் பேஸ்டையும் மாற்றுங்கள். ஊதும்போது விசிறியைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புரொசசர் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் மெஷின் தானே அணைந்துவிடும். மத்தியானத்தில் மட்டும் அணைகிறது என்று யாராவது சொன்னால் இதிலிருந்து தொடங்கலாம்.

பொங்கிய பற்றரியை அழுத்தி மூடுவது

வேண்டாம். கழற்றி வெளியே வையுங்கள்.

நீள ஸ்குரூவைக் கட்டை ஸ்குரூவின் இடத்தில் போடுவது

நீளமானது உள்ளே போர்டில் முட்டும். சர்வீஸ் செய்த பிறகு தொடங்கிய ரீஸ்டார்ட் என்றால் இதை முதலில் பாருங்கள்.

மதர்போட்டுக்கு ஹீட் கன் பிடிப்பது

கொஞ்ச நாள் ஓடும். பிறகு உங்கள் பெயர்தான் கெடும்.

சார்ஜர் இல்லாமல் லப்டொப்பை வாங்குவது

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு ரீச்சர் லப்டொப்பை மட்டும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். கடையில் எங்கள் சார்ஜரில் நாள் முழுக்க ஓடியது. "இங்க நல்லாத்தானே ஓடுது ரீச்சர்" என்று பெடியன் கொடுத்து அனுப்பிவிட்டான். வீட்டில் மறுபடியும் அதே கதை. பிறகு சார்ஜரோடு வந்தபோது பார்த்தால், லப்டொப்பில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் வயர் மடிந்து உள்ளே கம்பிகள் பாதி அறுந்திருந்தன. மேலே கறுப்பு டேப். பற்றரி எப்போதோ செத்துவிட்டது. வயர் கொஞ்சம் அசைந்தால் தாங்கிப்பிடிக்க ஒன்றும் இல்லை.

அதை மீற்றரில் வைத்தால் 19.5 வோல்ட் அழகாகக் காட்டும். லோட் இல்லாத நேரத்தில் எந்தச் சார்ஜரும் நல்லதுதான். லப்டொப்பில் செருகி, கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு, வயரை இரண்டு முனையிலும் மெல்ல அசைத்துப் பாருங்கள். சார்ஜரின் வாட் அளவையும் லப்டொப் கேட்கும் அளவையும் ஒப்பிடுங்கள். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் சார்ஜர் வாங்கிப் போட்டிருப்பவர்கள் நிறையப்பேர். போனில் கூப்பிட்டு "கொண்டுவரட்டா" என்று கேட்பவரிடமே சொல்லிவிடுங்கள்: "சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வாங்கோ."