விமானிப் பயிற்சிக்குக் கடன் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பிள்ளையை விமானி ஆக்க விரும்பும் பெற்றோர், வங்கிக்குப் போவதற்கு முன்பே டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) அங்கீகரித்த மருத்துவர்களிடம் இரண்டாம் வகுப்பு, அடுத்து முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனைகளை முடித்துவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருந்தாலும், நிறங்களைப் பிரித்தறிவதில் உள்ள குறைபாடு கட்டணம் கட்டிய பின் தெரியவந்தால் அந்தப் பணம் வீண்தான்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதற்கு இந்தியாவில் பொதுவாக 50 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்ற தனித் தகுதிப் பயிற்சியின் செலவு பெரும்பாலும் இதில் சேராது என்பதால், பயிற்சிப் பள்ளி தரும் கட்டணப் பட்டியலில் எது அடங்கும், எது அடங்காது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மொத்தம் 70 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 92,500 ரூபாய். உரிமம் பெற்றும் ஓராண்டு வேலை அமையாவிட்டால் வட்டி மட்டுமே 7 லட்சம் ஏறும். இதற்கிடையில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதி) ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் செலவாகும். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் ஆகியவை பறப்பதை நிறுத்தியபோது அனுபவம் மிக்க விமானிகளே வேலை தேடி அலைந்தார்கள் என்பதால், குறைந்தது இரண்டு ஆண்டுக் காத்திருப்பைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

மற்றத் தொழில்களோடு ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் பார்ப்பது போதாது. பட்டயக் கணக்காளராகப் படிப்பவர் பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை பெறுகிறார். அரசுக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்தவர் பெருங்கடன் இல்லாமல் சொந்தமாகக் கிளினிக் வைக்கலாம். பயணிகள் விமானம் ஓட்டப் பயின்றவருக்கோ விமான நிறுவனம் அழைத்தால்தான் பிழைப்பு. கேப்டன் ஆன பிறகு வருமானம் பல மடங்கு உயரும் என்பது உண்மையே; ஆனால் அதற்கான ஏடிபிஎல் என்ற உயர்நிலை விமானி உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகவே தவணையைத் துணை விமானியின் தொடக்கச் சம்பளத்தோடு பொருத்திப் பாருங்கள், கேப்டனின் சம்பளத்தோடு அல்ல.

கணக்கு ஒத்துவந்தால், முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டாமல், பறந்த மணிகளுக்கேற்பத் தவணையாகச் செலுத்த ஒப்பந்தம் கேளுங்கள். பயிற்சிப் பள்ளியில் பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, பயிற்றுநர் எத்தனை பேர் என்பதை நேரில் போய்ப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பயிற்சி இழுபடுவது பெரும்பாலும் இவற்றின் பற்றாக்குறையால்தான். வீட்டை அடமானம் வைப்பதாக இருந்தால், உடல்நலக் குறைவால் உரிமம் பறிபோகும் நிலைக்கான காப்பீட்டையும் வேலையில் சேர்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.