அலையாடும் நீரில் படகின் பிம்பம்: கறை நின்ற விதம்

நீர்வண்ண ஓவியத்தில் படகின் பிம்பத்தை ஈரத்தாளில் இறக்கும்போதெல்லாம் ஓரத்தில் காலிஃபிளவர் போலக் கறை பூத்தது. தாளில் இருந்ததைவிடத் தூரிகையில் தண்ணீர் அதிகம், அதுதான் காரணம். இப்போது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளில் முதல் பூச்சின் பளபளப்பு மங்கும்வரை பொறுக்கிறேன். தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு, கடைந்த தயிர்ப் பதத்தில் வண்ணத்தை மேலிருந்து கீழாக இழுக்கிறேன். கறை நின்றுவிட்டது.

உடனே, பிழிந்த அரை இஞ்சுத் தட்டைத் தூரிகையால் குறுக்கே ஒற்றியெடுத்தால் ஒளிக்கீற்றுகள் தெளியும். அல்ட்ராமரின் நீலம் தாளிலிருந்து எளிதில் பெயரும். தாலோ நீலம் தாளைக் கவ்விக்கொள்ளும், இங்கே வேண்டாம்.

காய்ந்தபின் அலைக்கோடுகள்: தூரத்தில் மெலிந்து நெருங்கியும், அருகில் தடித்து விலகியும். எல்லாம் ஒரே அளவானால் நீர் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். கறுத்த படகின் பிம்பம் படகைவிடச் சற்று வெளிறியும், வெள்ளைப் பாயின் பிம்பம் சற்று மங்கியும் இருக்கட்டும்.